பீர்பாலின் கிச்சடி வேகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அக்பரும் பீர்பாலும் வரும் கதைகளை அறியாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். அவற்றுள் கிச்சடிக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்திருப்போம், சிரித்துவிட்டு மறந்திருப்போம். வெப்பவியல் பாடம் நடந்துகொண்டிருந்த நாட்களில் அக்கதை எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. இம்முறை ஒரு கணக்காக வந்தது. அக்கணக்கைப் போட்டுப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்கால இரவில், குளத்து நீரில் விடியும்வரை நிற்பவனுக்குப் பெரும்பரிசு தருவதாக அக்பர் அறிவிக்கிறார். வறுமையில் வாடிய ஒருவன் முன்வந்து, காவலர் பார்த்திருக்க, இரவு முழுவதும் மார்பளவு நீரில் நின்றுவிடுகிறான். காலையில் அரசர், "இக்கடுங்குளிரை எப்படித் தாங்கினாய்?" என்று வினவுகிறார். அவன் சூதுவாது அறியாதவன். "அரண்மனை மாடத்தில் ஒரு விளக்கு எரிந்தது, அரசே! அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்" என்கிறான். "அப்படியானால் விளக்கின் வெப்பத்தில் குளிர்காய்ந்திருக்கிறாய். பரிசு கிடையாது, போ!" என்று தீர்ப்பாகிறது.

மறுநாள் பீர்பால் அவைக்கு வரவில்லை. ஆள் அனுப்பினால், "கிச்சடி வெந்துகொண்டிருக்கிறது, உண்டுவிட்டு வருகிறேன்" என்று பதில் வருகிறது. பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம். பொறுமை இழந்த அக்பர் தாமே புறப்பட்டுப் போகிறார். அங்கே நெடிய மூங்கில்களின் உச்சியில் பானை தொங்குகிறது. கீழே தரையில் நாலு சுள்ளிகள் எரிகின்றன. "பீர்பால்! உமக்குப் பித்துப் பிடித்துவிட்டதா? இங்கே எரியும் தீ அங்கே இருக்கும் பானைக்கு எப்படி எட்டும்?" என்கிறார் அரசர். "மாடத்து விளக்கு குளத்துக்கு எட்டியதே, மன்னர் பெருமானே! இது எட்டாதா?" என்கிறார் பீர்பால். அரசர் வெட்கிச் சிரித்து, ஏழைக்குரிய பரிசைக் கொடுத்தனுப்புகிறார்.

(இக்கிச்சடி நம் ஊர் ஓட்டல்களில் கிடைக்கும் ரவா கிச்சடி அன்று. அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் வடநாட்டு உணவு. நம் வெண்பொங்கலுக்கு நெருங்கிய உறவு எனலாம்.)

பீர்பால் கற்பனை மனிதர் அல்லர். மகேஷ் தாஸ் என்பது அவர் இயற்பெயர். அக்பரின் அவையில் உயர்நிலை பெற்றிருந்த அவர், 1586-ஆம் ஆண்டு வடமேற்கு எல்லையில் யூசுப்சாய் ஆப்கானியருடன் நடந்த போரில் உயிர்நீத்தார். அவர் பெயரால் வழங்கும் நகைச்சுவைக் கதைகளோ பின்னாளில் மக்கள் நாவில் வளர்ந்தவை. ஆகவே இது நடந்ததா என்று கேட்பதில் பயனில்லை. அரசர் சொன்னதில் உண்மை உண்டா என்பதே நம் கேள்வி.

உண்மை உண்டு! இதைப் பலர் கவனிப்பதில்லை. விளக்கின் ஒளி கண்ணுக்குத் தெரிந்தது என்றால், அதனுடன் வெப்பக் கதிர்வீச்சும் அவனை வந்தடைந்தது என்பதே பொருள். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள கதிரவன் நம்மைச் சுடவில்லையா? தூரத்து நெருப்பிலிருந்து வெப்பமே வராது என்று வாதாடியிருந்தால் பீர்பால் தோற்றிருப்பார். அரசரின் பிழை "எவ்வளவு?" என்று கேட்காததில் இருக்கிறது.

நாம் கேட்போம். ஒரு மெழுகுவர்த்தி எரியும்போது ஏறத்தாழ 80 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. அரசர் பக்கம் தாராளமாக இருந்து, மாடத்து விளக்குக்கு 100 வாட் என்றும், அது முழுவதும் கதிர்வீச்சாகவே பரவியது என்றும் கொள்வோம். குளம் 200 மீட்டர் தொலைவில் இருக்கட்டும். கதிர்வீச்சின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது நாம் படித்த விதி. 200 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் புறப்பரப்பு ஏறத்தாழ 5 லட்சம் சதுர மீட்டர். எனவே அங்கே ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் 5,000-இல் ஒரு பங்கு. நீருக்கு மேல் தெரிந்த முகமும் தோளும் சேர்ந்து சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு எனலாம். அப்படியானால் அவன் மேல் விழுந்தது ஒரு வாட்டில் 50,000-இல் ஒரு பங்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு, அதாவது 43,200 விநாடிகளுக்குப் பெருக்கினால் 0.86 ஜூல் வருகிறது. ஒரு கலோரி என்பது 4.2 ஜூல். ஆக, இரவு முழுவதும் அவ்விளக்கு கொடுத்த வெப்பம் ஒரு கலோரியில் ஐந்தில் ஒரு பங்கு! ஒரு கிராம் நீரை ஒரு டிகிரிகூடச் சூடாக்க அது போதாது.

அவன் நின்றதோ நீரில். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஒரு கலோரியில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்ததற்காக ஒரு பரிசு முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள்.

இனிப் பானைக்கு வருவோம். பீர்பாலின் சோதனை அரசருக்குச் சாதகமாகவே அமைந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். குளத்தில் நின்றவனுக்கு வந்தது கதிர்வீச்சு ஒன்றே. பானையோ தீக்கு நேர் மேலே இருந்தது; சூடான காற்று மேலெழும்பும் வெப்பச்சலனமும் அதற்குத் துணை. இருந்தும் வேகவில்லை. இந்தி மொழியில் முடிவின்றி இழுத்தடிக்கும் வேலையைப் 'பீர்பாலின் கிச்சடி' என்று சொல்வார்களாம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதை நான் ஒப்பமாட்டேன். தாமதம் என்றால் என்றாவது ஒருநாள் வேகவேண்டும். பானை பெறும் வெப்பமும் சுற்றியுள்ள காற்றுக்கு இழக்கும் வெப்பமும் சமமாகும்போது அதன் வெப்பநிலை நின்றுவிடும். அந்நிலை கொதிநிலைக்கு வெகு கீழே இருப்பதால், ஆண்டுக்கணக்கில் சுள்ளி வைத்தாலும் அது வேகாது.

பீர்பாலுக்கு இவ்விதிகள் தெரியா. ஆனாலும் அவர் செய்தது, நாம் வடிவியலில் செய்யும் நிறுவல் முறையே. எதிராளியின் கூற்றை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அது எங்கே போய் முட்டுகிறது என்று காட்டுவது. அதிலும் முடிவை அவர் சொல்லவில்லை, "எப்படி எட்டும்?" என்ற சொல் அரசர் வாயிலிருந்தே வந்தது. அவையில் எழுந்து "தங்கள் தீர்ப்பு தவறு" என்றிருந்தால், அரசர் தம் மானத்தைக் காக்கவேனும் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று இக்கதையில் உண்டு. விளக்கைப் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனை முதலில் கிடையாது. வேலை முடிந்து கை நீட்டிய பிறகுதான் அது பிறந்தது. என் தாயார் நடவுக்குச் செல்பவர். ஒருமுறை பூவரச மர நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்ததைச் சொல்லிக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். காலையில் வேலைக்கு அழைத்தபோது நிழலைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தகைய கணக்கை ஊரில் கண்டவர்களுக்குக் குளத்தில் நின்றவன் அயலான் அல்லன்.

இதனால்தானோ என்னவோ, இக்கதை பல நாடுகளில் வழங்குகிறது. துருக்கியில் முல்லா நஸ்ருத்தீன் மெழுகுவர்த்தியின் மேல் பானை வைக்கிறார். 1950-இல் அச்சான எத்தியோப்பியக் கதைத் தொகுப்பு ஒன்றில், அர்ஹா என்னும் வேலைக்காரன் மலையுச்சியில் ஓர் இரவு நிற்கிறான். எதிர்மலையில் அவனுக்காக ஒரு கிழவர் தீ மூட்டுகிறார். அது சுடுவதற்காக அன்று. தனக்காக ஒருவர் விழித்திருக்கிறார் என்று அவன் எண்ணிக்கொள்வதற்காக. பரிசு மறுக்கப்படுகிறது, வழக்கும் தோற்கிறது. பிறகு ஹைலு என்பவர் விருந்து வைத்து, உணவைப் பரிமாறாமல் அதன் மணத்தை மட்டும் விருந்தினருக்குக் காட்டி வழிக்குக் கொண்டுவருகிறார். நான் கேட்ட பீர்பால் கதைகளில் ஏழைக்குப் பெயரே இல்லை. அங்கே அவனுக்குப் பெயர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

விளக்கு காக்கவில்லை என்றால், அவனை உயிரோடு வைத்தது எது என்றும் பார்த்துவிடலாம். ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது; நடுங்கும்போது இன்னும் கூடும். நடுக்கத்தை விட்டுவிட்டாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 43 லட்சம் ஜூல் ஆகிறது. விளக்கு கொடுத்ததைப்போல் 50 லட்சம் மடங்கு. இவ்வளவு ஆற்றல் ஏறத்தாழ 300 கிராம் அரிசியில் இருக்கிறது. அந்தத் தானியம் அரண்மனையில் வெந்ததன்று; அவன் வீட்டு அடுப்பில் வெந்தது.