மீதி ஐம்பது பேர் எங்கே?

மாணவர்களே! ஒரு புத்தகக் கடையின் கணிப்பொறியில் 1000 வாடிக்கையாளர்களின் பதிவுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். தொழில் என்ற கட்டத்தில் 'மாணவர்' என்றிருப்பவை 300. அறிவியல் நூல் வாங்கியவர்கள் 200 பேர். இரண்டிலும் இடம்பெறுபவர்கள் 80 பேர்.

'மாணவராகவும் இருக்க வேண்டும், அறிவியல் நூலும் வாங்கியிருக்க வேண்டும்' என்று கேட்டால் விடை 80. 'இரண்டில் ஒன்று இருந்தாலே போதும்' என்றால் 500 வருமா? வராது. அந்த 80 பேரை இரு முறை எண்ணிவிட்டோமே! கழித்தால் 420.

இனி, 'மாணவர் அல்லாதவர்' எத்தனை பேர் என்று கேளுங்கள். 1000-இல் 300 போக 700 என்பீர்கள். கணிப்பொறியோ 650 என்கிறது! இயந்திரத்தின் மீது பழி வேண்டாம். 50 பதிவுகளில் தொழில் கட்டம் காலியாக இருக்கிறது. 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் வெளியிட்ட மொழியிலிருந்து வளர்ந்தது எஸ்.க்யூ.எல். என்னும் வினவு மொழி. அதில் காலிக் கட்டத்தை எதனுடன் ஒப்பிட்டாலும் 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது. 'தெரியாது' என்றே வரும். 'ஆம்' என்று வரும் பதிவுகளை மட்டுமே அது பொறுக்கி எடுக்கும்.

மாணவருக்கு ஒரு மடல், மற்றவருக்கு வேறொரு மடல் என்று கடைக்காரர் அனுப்பினால், அந்த 50 பேருக்கும் எதுவுமே போய்ச் சேராது. 'அல்லது கட்டம் காலியாக இருப்பவர்' என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் 700 கிடைக்கும்.