காஸ்மோஸ் பாத்தியில் ஓர் அறிவியல் பாடம்

பூவின் பாகங்களைக் கற்பிக்க நாம் வழக்கமாகச் செம்பருத்தியைத்தான் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறோம். படத்தில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கும். படத்தோடு பொருந்தாத ஒரு பூவைக் கொடுத்தால், மாணவர்கள் தம் கண்ணை நம்பி எழுதுவார்களா, அல்லது புத்தகத்தில் படித்ததையே எழுதுவார்களா? இதை அறிய ஏற்ற செடி மஞ்சள் காஸ்மோஸ். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி நம் வெயிலை நன்றாகத் தாங்கும்.

விதைத்தல்

நாள் முழுதும் வெயில் படும் இடத்தில், ஒரு மீட்டர் நீள அகலமுள்ள இரண்டு பாத்திகளை அருகருகே அமைக்க வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக் காலத்தில் பூக்களைப் பார்க்கலாம். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் அல்லது பத்து நாளில் முளைத்துவிடும். நாற்றுகள் விரல் உயரம் வந்ததும், 30 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் விட்டு மற்றவற்றை நீக்கிவிடலாம்.

செயல்பாடு 1: உரம் போட்டால் பூ கூடுமா?

விதைக்கும் முன்பே ஒரு பாத்தியில் மட்டும் இரண்டு கூடை மட்கிய தொழு உரத்தைக் கலந்துவிட வேண்டும். விதை, விதைக்கும் நாள், வெயில், தண்ணீர் ஆகியவை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். எந்தப் பாத்தி முதலில் பூக்கும், எதில் பூக்கள் அதிகம் என்று மாணவர்கள் தம் ஊகத்தை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பெரும்பாலோர் உரமிட்ட பாத்தியையே சொல்வார்கள்.

வாரம் ஒருமுறை செடியின் உயரத்தை அளந்து, பூக்களை எண்ணி, அட்டவணையில் குறிக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் காஸ்மோஸ் இலையும் தண்டுமாக வளரும்; பூப்பது தாமதமாகும், பூக்களும் குறையும். உயர்ந்த செடிகள் காற்றில் சாயவும் கூடும். மண் மிகவும் சத்தற்றதாக இருந்தால் முடிவு மாறலாம். எது நடந்தாலும், கண்டதையே அட்டவணை சொல்லட்டும்.

செயல்பாடு 2: இது ஒரு பூவா?

பூத்த பின், குழுவுக்கு ஒரு பூவும் ஒரு கை லென்சும் கொடுங்கள். "இதழ்கள் எத்தனை? மகரந்தத்தாள் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். ஒற்றை அடுக்கு வகையில் பெரும்பாலும் எட்டு இதழ்கள் இருக்கும். அடுக்குப் பூவில் கூடும். நடுவிலுள்ள மஞ்சள் பகுதியை ஊசியால் பிரித்தால் சின்னஞ்சிறு குழல்கள் தனித்தனியே வரும். ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. கருநிற மகரந்தப்பைகளும் இரண்டாகப் பிரிந்த சூலகமுடியும் அதில் தெரியும்.

நாம் இதழ் என்று எண்ணியதும் தனித்தனிப் பூக்களே. அவை விதை தருவதில்லை. பூச்சிகளை ஈர்ப்பதே அவற்றின் வேலை. இவ்வமைப்பைச் சிரமஞ்சரி என்கிறோம். சூரியகாந்தியும் சாமந்தியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயரை இறுதியில் சொன்னால் போதும். முதலில் சொல்லிவிட்டால் மாணவர்கள் பிரித்துப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பீடு

ஊகம் சரியாக இருந்ததா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். எண்ணிக்கையை நேர்மையாகக் குறித்தாரா, ஊகம் தவறியபோது அதை அடித்துத் திருத்தாமல் காரணம் தேடினாரா என்று பாருங்கள். மற்றவர்கள் எட்டு என்று எழுத, ஒரு மாணவி பதினொன்று என்று எழுதியிருந்தால், அவரது பூவை வாங்கி நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் எண்ணியது சரியாக இருக்கலாம். அதைத் தவறென்று அடித்துவிட்டால், அடுத்த முறை அவர் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்.

செடியிலேயே காய்ந்த பூத்தலைகளிலிருந்து நீண்ட, பழுப்பு நிற விதைகளைச் சேகரித்துக் காகித உறையில் வையுங்கள். எந்தப் பாத்தி, எந்த நாள் என்று மேலே எழுதினால், அடுத்த ஆண்டு வகுப்புக்கு விதையும் கேள்வியும் ஒன்றாகவே கிடைக்கும்.