கான்கிரீட்டுக்கும் பதம் உண்டு



சென்ற மாதம் கடலோரக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அந்த வீட்டின் பின்புறம் கழிவறைத் தொட்டியின் மூடி ஸ்லாப் நடுவில் விண்டு கிடந்தது. போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "நல்லவேளை, பிள்ளை அந்நேரம் பள்ளிக்கூடத்துல இருந்தான்" என்றார் அந்த அக்கா. குழுவில் வாங்கிய கடனோ இன்னும் அடையவில்லை.

விசாரித்தபோது தெரிந்தது: கடற்கரை மணலைச் சேர்த்திருக்கிறார்கள். இளக்கமாக வரட்டும் என்று தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள். மறுநாளே நனைப்பதையும் விட்டுவிட்டார்கள். மூன்றுமே நாம் தடுத்திருக்கக்கூடிய தவறுகள். ஆகவே இந்த மாதம் கான்கிரீட் கலவையைப் பற்றிப் படிப்போம்.

1. பொருள்: கட்டி தட்டிய பழைய சிமெண்ட் வேண்டாம். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கூடவே கூடாது. உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கினால் கான்கிரீட் வெடிக்கும். கட்டுமானத்துக்கான எம்-சாண்டும் முக்கால் இஞ்ச் ஜல்லியும் போதும்.

2. அளவு: துணி துவைக்கும் தளம், முற்றம் போன்றவற்றுக்கு 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல், 4 பங்கு ஜல்லி. கம்பி வைத்த மூடி ஸ்லாப்புக்கு 1, ஒன்றரை, 3. கையால் கலப்பதால் சிமெண்டைப் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சட்டியால் அளக்க வேண்டும். கண் மதிப்பு வேண்டாம்.

3. கலப்பது: வெறும் மண் தரையில் கலக்காதீர்கள், தகரமோ சிமெண்ட் தளமோ வேண்டும். முதலில் மணலையும் சிமெண்டையும் ஒரே நிறம் வரும்வரை புரட்டுங்கள். பிறகு ஜல்லி. நடுவில் குழி செய்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

4. தண்ணீர்: 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர். அதாவது, 15 லிட்டர் குடத்தால் இரண்டு குடத்துக்கு மேல் போகக்கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். அதிகத் தண்ணீர் வற்றும்போது உள்ளே சிறு துளைகளை விட்டுப் போகிறது. பலம் குறைவது அதனால்தான். புட்டு மாவுக்குத் தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? இதுவும் அப்படித்தான்.

5. போடுவது: கலந்த அரைமணி நேரத்துக்குள் போட்டு, கம்பியால் குத்தி இறுக்குங்கள். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் விடாதீர்கள்.

6. நனைப்பது: சாக்கு விரித்து 10 நாள் ஈரம் காயாமல் வையுங்கள். வெயில் நாளில் கவனம் கூடுதல். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. போட்ட அன்று மழை வந்தால் தார்ப்பாய் மூடுங்கள்.

சிமெண்ட் தோலைப் பொத்துப்போகச் செய்யும். கையுறை போடுங்கள், கண்ணில் பட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் போங்கள். வீட்டுக் கூரை, தூண், பீம் ஆகியவற்றை மட்டும் பொறியாளர் ஆலோசனை இல்லாமல் செய்ய வேண்டாம்.

கொத்தனார் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, "அண்ணே, தண்ணி போதும்" என்று சொல்லத் தயங்காதீர்கள். பணம் நம்முடையது, அதன் மேல் நடக்கப்போவதும் நம் பிள்ளைகள்தான்.

குழுவில் பேசுங்கள்: நம் உறுப்பினர்கள் வீட்டில் விரிசல் கண்ட தொட்டி மூடி எத்தனை? எதை முதலில் மாற்ற வேண்டும்? தீர்மானத்தை நோட்டில் எழுதுங்கள்.