பிள்ளைப் பருவக் காயங்களும் உயிரெனும் அமானிதமும்

தற்கொலை ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் எவருமிலர். உயிர் நமக்குச் சொந்தமான பொருளன்று. அல்லாஹுதஆலா நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். இதற்கு ஆதாரமாக உலமாக்கள் எடுத்துக்காட்டும் 'அந்நிஸா' அத்தியாயத்தின் 29ஆம் வசனம், உயிரை மாய்ப்பதைத் தடுப்பதோடு நின்று விடவில்லை. இறைவன் நம்மீது பெருங்கருணை உடையவன் என்பதையும் அறிவித்தே முடிகின்றது. தடையும் கருணையும் ஒரே வசனத்தில் இணைந்துள்ளன. ஆனால் நம் இல்லங்கள் பலவற்றில் தடை மட்டும் பிள்ளைகளுக்குப் போதிக்கப்படுகின்றது. கருணை அவர்களை எட்டுவதில்லை.

இதன் விளைவு என்ன என்பதை மருத்துவ ஆய்வுகள் விளக்குகின்றன. அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் 1995 முதல் 1997 வரை, 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களது சிறு பிராயம் பற்றி வினவப்பட்டது. அடி, உதை, ஓயாத இழிசொல், பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைக் காணல், பெற்றோர் பிரிவு, வீட்டில் குடி அல்லது போதை, மனநோய், சிறை சென்றவர் இருத்தல் என எட்டு வகைத் துன்பங்கள் கேட்கப்பட்டன. 2001இல் வெளியான முடிவின்படி, இவற்றுள் ஏதேனும் ஒன்றை அனுபவித்தவர்களிடையே பிற்காலத்தில் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடியிருந்தது. துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேரச் சேர, ஆபத்தும் ஏறிக்கொண்டே சென்றது.

காரணம் புரியாததன்று. அச்சத்திலேயே வளரும் குழந்தையின் உடலும் உள்ளமும் ஓய்வின்றி விழித்திருக்கின்றன. 'நான் ஒரு பாரம்' என்னும் எண்ணம் அதன் நெஞ்சில் வேரூன்றி விடுகின்றது. வளர்ந்தபின் அதுவே மனச்சோர்வாகவும் போதைப் பழக்கமாகவும் தலைதூக்குகின்றது. நெருக்கடி நேரும்போது பிறரிடம் உதவி கேட்கவும் நா எழுவதில்லை.

எனினும் இது மாற்றவியலாத தலைவிதி அன்று. இளமையில் துன்புற்றோருள் பெரும்பாலோர் தற்கொலைக்கு முயல்வதில்லை. நம்பிப் பேசக்கூடிய பெரியவர் ஒருவர் அருகிலிருப்பதே பிள்ளைக்குப் பெரும் அரணாகும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஉ இப்னு ஹாபிஸ், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே பெருமானாரின் மறுமொழியாக இருந்தது. சிறுவராகப் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி) அவர்களைப் பத்தாண்டுக் காலத்தில் ஒருமுறையேனும் 'சீ' என்று அவர்கள் கடிந்ததில்லை. முகத்தில் அடிப்பதையும் தடுத்தார்கள். தொழுகைக்காகக் கண்டிக்கும் அனுமதியைக் காயப்படுத்தும் உரிமையாகக் கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எனவே பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கண்டிப்பு செயலைத் திருத்துவதாக இருக்கட்டும். பிள்ளையை இழிவுபடுத்துவதாக இருக்க வேண்டாம்.

2. பாலியல் கொடுமை பற்றிப் பிள்ளை கூறினால் நம்புங்கள். செய்தவர் உறவினராயினும், ஆசிரியராயினும் குடும்ப மானம் கருதி மூடி மறைப்பது பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதனைப் புகார் செய்வதைக் கடமையாக்கியுள்ளது. குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண் உண்டு.

3. 'வாழப் பிடிக்கவில்லை' என்று எவரேனும் கூறினால், 'உனக்கு ஈமான் இல்லையா?' என்று அதட்டாதீர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று கனிவுடன் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகி விடாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண் 14416.

4. நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத். உள்ளத்தின் நோயும் நோயே. துஆவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சிறு வயதில் காயப்பட்டு, இன்று அதைச் சுமந்து நிற்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு சொல்: உங்களுக்கு நேர்ந்தது உங்கள் குற்றமன்று. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கையிழக்க வேண்டாம். உதவி கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

நம் இல்லங்களைப் பிள்ளைகள் அஞ்சி ஒடுங்கும் இடங்களாக அல்லாமல், அபயம் பெறும் இடங்களாக வல்ல நாயன் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.