மிதிவண்டிக்கு ஒரு நனையாத பை

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நம் மரக்காணத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புயலில் எங்கள் வகுப்பில் ஒருவருடைய புத்தகமும் நனையவில்லை. பள்ளிக்கு விடுமுறை அல்லவா! நனைந்தது அதற்குச் சில வாரங்கள் முன்பு, பெயரில்லாத ஒரு சாதாரண ஐப்பசி மழையில்.

கந்தாட்டுப் பக்கமிருந்து மிதிவண்டியில் வரும் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவரின் விலங்கியல் செய்முறை நோட்டு அன்று ஊறிப்போயிற்று. ஜூன் முதல் வரைந்த படங்களெல்லாம் நீலக் கறையாகிவிட்டன. கடைக்காரர் 'வாட்டர் புரூஃப்' என்று சொல்லி விற்ற பைதான் அது. அவருடைய அம்மா உப்பளத் தொழிலாளி. மழை பிடித்துவிட்டால் பாத்தியில் வேலை இல்லை, கூலியும் இல்லை. அந்த வாரத்தில் புது நோட்டும் புதுப் பையும் ஒன்றாக வாங்க அந்த வீட்டில் வழியில்லை. நோட்டு மட்டும் வாங்கி, பல இரவுகள் விழித்து, எல்லாவற்றையும் மறுபடி வரைந்து முடித்தார். பைக்குப் பதில் ஓர் உரச்சாக்கு வந்தது. அந்த உரச்சாக்கே பழைய பையைவிட நன்றாக மழையைத் தாங்கியது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கினோம்.

நாங்கள் தேடியது பக்கப்பை, அதாவது மிதிவண்டியின் பின் கேரியரில் இருபுறமும் தொங்கும் பை. ஆங்கிலத்தில் 'பானியர்' என்பர். ரொட்டிக் கூடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பொதிமாட்டின் இருபுறமும் மூட்டை கட்டிய நம் முன்னோருக்கு இது புதிய யோசனையன்று. முதுகில் சுமக்கும் பையைவிட இதில் பாரம் தாழ்ந்து நிற்கும். எதிர்காற்றில் ஆட்டம் குறையும். தமிழக அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06-இல் எல்லாப் பிரிவினருக்கும் விரித்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் பதினொன்றாம் வகுப்பில் நமக்கு வண்டி கிடைக்கிறது. வண்டியில் கேரியரும் உண்டு. பைதான் நம் பொறுப்பு.

முதலில் நம் ஊரின் விசேஷத்தைச் சொல்லவேண்டும். மற்ற ஊர்களில் பைக்கு ஒரே பகை மழை. இங்கே உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கல்லுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிட வறண்ட காற்றிலேயே கசியும். வீட்டில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் கோத்துக் கிடப்பது இதனால்தான். அதே உப்பு பையின் தையலிலும் ஜிப்பிலும் படிந்திருந்தால், மழை நின்ற பிறகும் அந்த இடம் காய்வதே இல்லை. உலோகம் துருப்பிடிக்கிறது; பருத்தி நூல் மக்குகிறது. அக்காவின் பையில் முதலில் கெட்டது துணியன்று. ஜிப்பின் இழுப்பான் துருவேறி நடுவழியில் நின்றுவிட்டிருந்தது. வாய் நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தே கிடந்திருக்கிறது.

துணிகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். பழைய முறை, நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்திக் கான்வாஸ். இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியிலுள்ள நெல்சன் என்னும் ஊரில் காரடைஸ் என்ற நிறுவனம் 1930-களிலிருந்து மிதிவண்டிப் பைகளை இத்துணியில் தைத்து வருகிறது. நனைந்ததும் நூல் உப்பி, இழைகளின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும் என்பதே இதன் தத்துவம். மெழுகும் பூசுவார்கள். நல்ல துணிதான், ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் மார்கழியில் அதை முழுக்கக் காயவைப்பது எப்படி என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

அடுத்தது, பளபளக்கும் ரெக்சின். இதில் பாலியூரித்தேன் பூசியது, பி.வி.சி. பூசியது என இரு வகை உண்டு. பாலியூரித்தேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும். பிறகு வெயிலில் உரிந்த தோல்போல் செதில் செதிலாக வரும். கடையில் தொட்டுப் பார்க்க மிருதுவாக இருப்பதுதான் பெரும்பாலும் இந்த வகை. கைக்கு இதமாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, லாரிக்குப் போர்த்தும் படுதா, அதாவது பாலியெஸ்டர் நெசவின்மேல் பி.வி.சி. பூசிய தார்ப்பாய். நம் உப்புக் குவியல்கள்மீதும் இவ்வகைப் பாயைப் போர்த்துவதைக் கண்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் மழையில் மிதிவண்டிப் பயணம் செய்து தன் உடைமைகளை நனையவிட்ட ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்னும் ஜெர்மானிய இளைஞர், சாலையில் சென்ற லாரியின் தார்ப்பாயைக் கண்டு, அதே துணியில் பை செய்தால் என்ன என்று எண்ணினார். 1982-இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்று உலகெங்கும் மிதிவண்டிப் பைகளை விற்கிறது. ஒரு ஜோடிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகுமாம். நமக்கு எட்டாது. ஆனால் அவர் கண்டுகொண்ட துணி நம் சாலையிலும் தினமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

விளம்பரப் பதாகை ஃபிளெக்ஸும் இதே இனம்தான். பல வீடுகளில் கூரைக்குப் போடுகிறார்களே என்று அதிலும் ஒரு பை தைத்தோம். மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டே மாதத்தில் வெடித்துவிட்டது. வெயில் தின்றுவிடுகிறது என்றார் சிஸ்டர்.

துணி தேறினாலும் தையலில் தோற்கலாம். ஓர் அங்குலத்துக்கு 8 தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம், அதாவது 18 அங்குலம் தைத்தால் 144 ஓட்டைகள்! வெளிநாட்டுப் பைகளில் ஊசியே போடாமல் சூட்டினால் இரு விளிம்புகளையும் உருக்கி ஒட்டுகிறார்கள். நாங்கள் லாரி படுதா தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். "ஊசி போற எடமெல்லாம் தண்ணியும் போவும் பாப்பா. தையல அடியில வெக்காதீங்க, மேல கொண்டாந்துடுங்க" என்றார். எங்கள் ஆராய்ச்சி முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள வாக்கியம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே நீளத் துண்டை நடுவில் மடித்து அடிப்பாகமாக்கினோம். சக்கரம் வாரி இறைக்கும் நீர் படும் இடத்தில் தையலே இல்லை. பக்கத் தையல்களை உட்புறமாக இரட்டை மடிப்பு மடித்து, பாலியெஸ்டர் நூலால் தைத்து, மேலே ரப்பர் பசையும் அதே தார்ப்பாயில் கிழித்த பட்டையும் ஒட்டினோம்.

வாய்க்கு ஜிப் வேண்டவே வேண்டாம். வாயை இரு கையாலும் சேர்த்துப் பிடித்து, பாயைச் சுருட்டுவதுபோல் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டி, இரு முனைகளையும் பிளாஸ்டிக் பக்கிளில் பூட்டிவிட்டால் போதும். இதற்காகப் பையைத் தேவையைவிட ஒரு சாண் உயரமாக வெட்டவேண்டும். முதல் பையில் இதை மறந்து, ஒரு சுற்றுக்குமேல் சுருட்ட முடியாமல் போயிற்று. தைத்தவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

கடையிலேயே வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. 'நீர் தாங்கும்' என்பதும் 'நீர் புகாது' என்பதும் ஒன்றல்ல. சில பைகளில் ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப்பின் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் 4 என்றால் எப்பக்கமிருந்து நீர் தெளித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். பள்ளிக்கு வரும் நமக்கு 4 போதும். எண் ஒன்றும் இல்லையென்றால், நம் பாட்டிமார் புதுக் குடத்தைச் சோதிக்கும் முறையே சிறந்தது. பையில் பாதிவரை நீர் ஊற்றித் தொங்கவிடுங்கள். எந்தத் தையலில் துளி கோக்கிறதோ, அங்கேதான் மழையும் உள்ளே வரும். கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம்.

பாதுகாப்பைப் பற்றி அம்மாமார் அதிகம் கேட்டார்கள், நியாயமே. பையின் கீழ்முனை ஆடிச் சக்கரத்தில் போய்ச் சிக்கினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னால் வரும் பேருந்து நமக்காகக் காத்திராது. ஆகவே பையின் முதுகில் ஒரு கெட்டி அட்டையோ பிளாஸ்டிக் தகடோ வைத்து, அடியிலும் ஒரு வார் கொண்டு கேரியரின் காலோடு கட்டவேண்டும். தொங்கும் வார் நுனிகளை வெட்டிவிட வேண்டும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காதபடி சற்றுப் பின்தள்ளி மாட்டவேண்டும். இருபுறமும் எடை ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும்: ஒருபுறம் புத்தகம், மறுபுறம் சோற்று டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும். சாப்பாடும் புத்தகமும் ஒரே பையில் வேண்டாம். மழை செய்யாத வேலையைச் சாம்பார் செய்துவிடும். பின்பக்கம் ஒளி எதிரொலிக்கும் பட்டை ஒட்டுவது அவசியம். மழை நாளில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது.

2025-ஆம் ஆண்டு மழைக்காலம் முழுவதும் எங்கள் பைகள் ஆறு மிதிவண்டிகளில் ஓடின. ஐந்தில் புத்தகம் நனையவில்லை. ஆறாவதில் பக்கிள் உடைந்ததை ஊக்கு குத்திச் சமாளித்திருக்கிறார்கள். ஊக்குப் போட்ட ஓட்டை வழியே நீர் இறங்கிற்று. எங்கள் பெரிய தவறு கொக்கிதான். இரும்புக் கம்பியை வளைத்துச் செய்தோம்; கார்த்திகைக்குள் துருவேறித் தார்ப்பாயையும் அரித்துவிட்டது. எவர்சில்வரில் செய்தால் தீர்ந்தது என்று நினைத்தோம். அதிலும் சாதாரண வகை கடலோரத்தில் புள்ளிப் புள்ளியாகத் துருப்பிடிக்கும் என்றும், மாலிப்டினம் கலந்த உயர்ந்த வகையே தாங்கும் என்றும் வேதியியல் ஆசிரியை சொன்னார்கள். அந்த வகை விலை அதிகம். இப்போது கொக்கியை விட்டுவிட்டு, அகல நைலான் பட்டையைக் கேரியரில் சுற்றிக் கட்டுகிறோம். மாட்டக் கழற்ற இரண்டு நிமிடம் கூடுதலாகிறது.

வாரம் ஒருமுறை பையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கிணறு உவர்ப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து அலசலாம். பிறகு வாயைத் திறந்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடவேண்டும்.

பையின் காகித அச்சு தையல் அறையில் இருக்கிறது. கேரியரின் நீளம் எல்லா வண்டிகளிலும் ஒன்றாக இல்லை. அச்சு வாங்க வரும் பெற்றோர், கேரியரின் நீளத்தையும், அதிலிருந்து சக்கரத்தின் அச்சுவரை உள்ள உயரத்தையும் அளந்து எழுதி வாருங்கள். தைப்பதைக் கோடை விடுமுறையில் முடித்துவிட்டால் நல்லது. ஐப்பசி பிறந்தால் படுதா தைப்பவருக்கு நம்மைக் கவனிக்க நேரம் இருக்காது.