சான்றிதழ் வந்தது, சாவி வரலை!

2022 காலாண்டு லீவுல நடந்தது இது. என் மாமா கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுபவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் திடீர் திடீரென அணைந்து போச்சு. சாஃப்ட்வேரில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் சான்றிதழைப் புதுசுக்கு மாற்றும் வேலையை, எல்லாம் தெரிந்தவன் மாதிரி நானே கேட்டு வாங்கினேன். பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டு, "பழசை ஃபார்மட் பண்ணிடட்டுமா மாமா?"ன்னேன். "இருடா, முதல்ல புதுசுல போட்டுப் பார்"ன்னார். கையெழுத்து விழவே இல்லை!

நான் எடுத்தது சி.இ.ஆர் ஃபைல். அதில் பெயரும் பொதுச்சாவியும்தான் இருக்கும். கையெழுத்துப் போடுவதோ தனிச்சாவி. டி.சி.யில் விழுந்த சீல் அடையாளம் எல்லார்கிட்டயும் இருக்கு. ரப்பர் ஸ்டாம்பு ஆபீஸ் பீரோவில் அல்லவா இருக்கு! ஃபார்மட் பண்ணியிருந்தா அந்த ஸ்டாம்பே போயிருக்கும்.

விண்டோஸில் சான்றிதழ் படத்தின் மேல் குட்டிச் சாவி தெரிகிறதா என்று பாருங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'தனிச்சாவியும் சேர்த்து' என்பதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட் கொடுத்தால் பி.எஃப்.எக்ஸ் ஃபைல் கிடைக்கும். (முதலில் ஏற்றும்போதே தடை போட்டிருந்தால் அந்த வழி திறக்காது.) வேலை முடிந்ததும் பென்டிரைவில் இருந்ததை மாமா உடனே அழிக்கச் சொன்னார். 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ், தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் கம்பெனிகளின் திருடிய சாவிகளால் கையெழுத்திடப்பட்டிருந்ததாம்!

2023 ஜூன் 1 முதல் புதுச் சான்றிதழ்களின் தனிச்சாவி யு.எஸ்.பி டோக்கன் போன்ற பாதுகாப்புக் கருவிக்குள்தான் இருக்கணும். காப்பி எடுக்க முடியாது. டோக்கனையே கழற்றி அடுத்த கம்ப்யூட்டரில் செருகணும். மாமா இப்போ டோக்கனை வண்டிச் சாவியோட கோர்த்து வச்சிருக்கார். குருபரப்பள்ளிக்கும் ஓசூருக்கும் தினமும் அது போய் வருது. எனக்குத்தான் பயமா இருக்கு!

– 11-ம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு