வயலின் வாசிக்க உட்காரும் முறை

பெங்களூர் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் ஆலைகள் உண்டு. நாள் முழுதும் குனிந்து தைத்தால் என்ன ஆகும்? தோள் வலிக்கும். கழுத்து பிடித்துக்கொள்ளும். தைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வயலின் வாசிப்பவர்களுக்கும் இதே வலி வரலாம். உட்காரும் முறை சரியாக இருந்தால் வலி குறையும்.

உங்கள் மகள் வயலின் கற்கிறாளா? உங்களுக்கே கற்க ஆசையா? ஒரு பாய் விரிக்க இடம் போதும். வாருங்கள், பார்ப்போம்.

நம் ஊர் முறை

வயலின் ஐரோப்பாவில் பிறந்த கருவி. அங்கே அதைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடிப்பார்கள். பாலுசாமி தீட்சிதர் (1786–1858) அதைக் கர்நாடக இசையில் வாசித்தார். இவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி.

நம் கலைஞர்கள் தரையில் அமர்ந்து வாசிக்கிறார்கள். நம் இசையில் சுரங்களை அசைத்து வாசிக்க வேண்டும். இதைக் கமகம் என்பார்கள். இதற்கு இடது கை கம்பியின் மேல் ஏறி இறங்க வேண்டும். அந்தக் கையே வயலினைத் தாங்கினால் எப்படி நகரும்? எனவே மார்பும் காலும் தாங்குகின்றன.

செய்முறை

1. சம்மணமிட்டு உட்காருங்கள். முதுகு நேராக இருக்கட்டும்.
2. வலது பாதத்தைச் சற்று முன்னே வையுங்கள்.
3. வயலினின் அகன்ற பக்கத்தை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவே சாயுங்கள்.
4. அதன் தலைப்பக்கத்தை வலது கணுக்காலில் வையுங்கள்.
5. இடது கை விரல்களை வளைத்து, நுனியால் கம்பியை அழுத்துங்கள்.
6. வலது கையில் வில்லை இறுக்காமல் பிடியுங்கள். கட்டைவிரல் வளைந்திருக்கட்டும்.
7. வில் கம்பிக்குக் குறுக்கே நேராகப் போகட்டும்.

முதலில் விரல் வைக்காமல், ஒவ்வொரு கம்பியிலும் நீளமாக வில் போடுங்கள். பிறகு சரளி வரிசைக்குப் போகலாம்.

பெற்றோர் கவனிக்க

உங்களுக்குச் சுரம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்க்கலாம் அல்லவா? மகளின் தோள் காதை நோக்கி ஏறுகிறதா? முதுகு வளைகிறதா? இடது கையைச் சற்று விலக்கச் சொல்லுங்கள். வயலின் நழுவினால், அதுவரை கைதான் தாங்கியது என்று பொருள். மறுபடி சரியாக வைக்கச் சொல்லுங்கள்.

பத்து நிமிடம் வாசித்தால் சற்று ஓய்வு வேண்டும். கை மரத்துப்போனால் நிறுத்த வேண்டும். "வலி பழகிவிடும்" என்று சொல்லாதீர்கள். ஆசிரியரிடம் கேளுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டே வாசிக்கும் பிள்ளை ஒரு நாள் வயலினையே விட்டுவிடும்.

தெரிந்துகொள்ளுங்கள்

மைசூர் சௌடய்யா ஏழு கம்பி வயலின் வாசித்துப் புகழ்பெற்றவர். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அவர் பெயரில் ஒரு மண்டபம் உள்ளது. அந்தக் கட்டடமே வயலின் வடிவில் இருக்கிறது!

பயிற்சி

1. வயலினின் தலைப்பக்கம் எதன் மேல் இருக்க வேண்டும்?
2. இடது கை ஏன் வயலினைத் தாங்கக் கூடாது?
3. உங்கள் வேலையில் எந்த இடம் வலிக்கிறது? எப்படி உட்கார்ந்தால் குறையும்? இரண்டு வரி எழுதுங்கள்.